தொலைவிலிருந்து கணிதம் கற்பிக்கும்போது மாணவரின் செய்முறையைக் காண்பது எப்படி: மொரிசியஸ் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

2020 மார்ச் 18 அன்று மொரிசியஸில் முதல் கொரோனா நோயாளிகள் கண்டறியப்பட்ட செய்தி அறிவிக்கப்பட்டது. மறுநாளே பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கடுத்த நாள் நாடு முழுவதும் வீடடங்கியது. சிறு வகுப்பினருக்கு மொரிசியஸ் ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. மேல் வகுப்பினர் கணினியிலும் கைபேசியிலும் ஆசிரியரைச் சந்தித்தார்கள். 2021 மார்ச்சில் இரண்டாம் முறையாக எல்லாம் மூடப்பட்டபோது அதே ஏற்பாடு மீண்டும் வந்தது. பெருந்தொற்று அடங்கிய பின்னும் அதன் தேவை மறையவில்லை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயியின் தெருக்களை வெள்ளத்தில் மூழ்கடித்ததை நாம் பார்த்தோம். புயல் எச்சரிக்கையோ அடைமழையோ வந்து பள்ளி மூடப்படும் ஒவ்வொரு முறையும் பாடத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லும் வழியை ஆசிரியர்கள் தேட வேண்டியிருக்கிறது.

மற்றப் பாடங்களைவிடக் கணிதத்தை இந்த மாற்றம் ஆழமாகத் தாக்கியது. வகுப்பறையில் ஒரு கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் நேரத்துக்கு நிகராக மேசைகளுக்கிடையே நடக்கும் நேரமும் முக்கியமானது. மாணவரின் தோளுக்குப் பின்னால் நின்று, மூன்றாம் வரியில் கழித்தல் குறி தொலைந்துபோவதைக் கண்டு, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். தொலைவழிக் கல்வியில் முதலில் காணாமற்போனது இந்த நடைதான். ஆசிரியரின் எழுத்து மாணவருக்குத் தெரிந்தது. மாணவரின் எழுத்து ஆசிரியருக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த வழிகாட்டி எந்தச் செயலி சிறந்தது என்ற ஆராய்ச்சியில் இறங்கவில்லை. மாணவரின் நோட்டுப் புத்தகத்தை ஆசிரியரின் கண்ணுக்கு மீண்டும் கொண்டுவருவது எப்படி என்பதே இதன் பொருள்.

தொலைவழிக் கற்பித்தல் நம் தீவுக்குப் புதியதன்று. 1970களின் தொடக்கத்திலேயே மொரிசியஸ் வான்வழிக் கல்லூரி வானொலி, தொலைக்காட்சி வழியாகக் கல்வியைக் கொண்டுசெல்ல நிறுவப்பட்டது. 2012இல் அது மொரிசியஸ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. உலகெங்கும் அறியப்பட்ட கான் அகாடமியின் தொடக்கமும் இங்கே நினைக்கத் தக்கது. 2004இல் சல்மான் கான் வேறொரு நகரத்திலிருந்த தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே, இருவரும் எழுதக்கூடிய ஒரு கணினிப் பலகையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் எழுதியதை அவரும் பார்த்தார். பின்னர் அந்தப் பாடங்கள் காணொளிகளாகிக் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தபோது அவற்றின் பயன் பெருகியது. ஆனால் அந்த முதல் ஏற்பாட்டில் இருந்த இருவழிப் பார்வை காணொளியில் இருக்க முடியாது. நம்மில் பலர் 2020இல் காணொளியிலிருந்து தொடங்கினோம். அந்த இருவழிப் பார்வையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

விடை சரியாக இருப்பது ஏன் போதாது

1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளிச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். ஆய்வில் பென்னி என்று அழைக்கப்படும் அந்தச் சிறுவன், ஒவ்வொருவரும் தாமே பயிற்சித்தாள்களைச் செய்து, விடைக்குறிப்புடன் ஒப்பிட்டு, தேர்ச்சி பெற்று அடுத்த தாளுக்குப் போகும் முறையில் கணிதம் பயின்றான். தேர்வுகளில் நன்றாகத் தேறி முன்னேறிக்கொண்டிருந்தான். அவனை உட்காரவைத்துப் பேசியபோதுதான், 5/10 என்ற பின்னத்தைத் தசமமாக்கினால் 1.5 என்றும், 10/5 என்பதும் 1.5தான் என்றும் அவன் நம்பியிருந்தது தெரியவந்தது. தொகுதியையும் பகுதியையும் கூட்டிப் புள்ளி வைப்பது என்று தனக்கென ஒரு விதியை அவன் உருவாக்கி வைத்திருந்தான். கணித விதி என்பதே யாரோ எங்கோ வைத்த ஏற்பாடு என்று அவன் எண்ணினான். அவன் எண்ணுவதை யாரும் கேட்கவில்லை.

இன்று விடையை மட்டும் சரிபார்க்கும் இணையவழிப் பயிற்சிகள் ஏராளமாக உள்ளன. பச்சைக் குறி விழுந்தால் அடுத்த கேள்வி, சிவப்புக் குறி விழுந்தால் மறு முயற்சி என்று அவை ஓடுகின்றன. வேகமாகச் செய்யும் பழக்கத்துக்கு அவை உதவும். ஆனால் பென்னிகளை அவை கண்டுபிடிக்கமாட்டா. மேலும் நம் மாணவர்கள் கடைசியில் எழுதுவது கேம்பிரிட்ஜின் பள்ளிச் சான்றிதழ் (எஸ்.சி.), உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் (எச்.எஸ்.சி.) தேர்வுகளை. அவற்றின் மதிப்பெண் பட்டியலில் முறைக்கு ஒரு மதிப்பெண், துல்லியமான விடைக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாக வகுத்திருக்கிறார்கள். போதிய செய்முறை காட்டாமல் கால்குலேட்டரிலிருந்து எழுதப்படும் விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று எச்.எஸ்.சி.க்குரிய ஏ லெவல் பாடத்திட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. செய்முறையை எழுதிப் பழகாமல் விடையைத் தட்டச்சு செய்து பழகிய மாணவர் தேர்வு மண்டபத்தில் தடுமாறுவார்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருக்கிறது என்று கேட்டறியுங்கள். கைபேசி யாருடையது, அது எந்நேரத்தில் பிள்ளையின் கைக்கு வரும், இணையம் வீட்டு இணைப்பா அல்லது முன்பணம் கட்டிய சிம் அட்டையா, ஒரே கைபேசியை எத்தனை பிள்ளைகள் பங்கிடுகிறார்கள் என்பவற்றைத் தெரிந்துகொண்டால்தான் பாடத்தின் வடிவத்தை முடிவு செய்ய முடியும். ஒரு மணி நேரக் காணொளி வகுப்பு சில நூறு மெகாபைட்டுகளை எடுத்துக்கொள்ளும். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப அதில் மிகச் சிறிய பங்கே போதும். அந்தப் படத்தை நள்ளிரவிலும் அனுப்பலாம், மின்சாரம் திரும்பிய பிறகும் அனுப்பலாம். எனவே படத்தை மையமாக வைத்து, நேரலை வகுப்பை அதற்குத் துணையாக வைத்துத் திட்டமிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

படம் எடுப்பதற்கும் பயிற்சி வேண்டும். முதல் வாரத்தில் கணக்கை விட்டுவிட்டு இதையே கற்பித்தாலும் தவறில்லை. பென்சில் எழுத்து படத்தில் மங்கிவிடும் ஆதலால் கருநீலம் அல்லது கறுப்புப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தின் தலைப்பில் பெயரும் கணக்கின் எண்ணும் இருக்கட்டும். ஒரு வரியில் ஒரு படி மட்டும் எழுதி, சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிச்சம் சன்னல் பக்கத்திலிருந்து பக்கவாட்டில் விழ வேண்டும். கைபேசியின் நிழல் தாளின் மேல் விழக்கூடாது. அடித்த வரியை அழிக்கக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதினால், மாணவர் எங்கே எண்ணத்தை மாற்றினார் என்று ஆசிரியருக்குத் தெரியும். அழிப்பான் பட்ட தாள் அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது.

ஆசிரியரின் பக்கத்தில் தேவைப்படுவது இன்னும் எளிது. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு மேல் ஓர் அளவுகோலையோ பலகையையோ வைத்து, அதன்மேல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தால் கீழே உள்ள தாளைக் காட்டும் கருவி தயார். முன்கூட்டியே தயாரித்த திரைப்பக்கங்களைவிடக் கையால் எழுதிக் காட்டுவது கணிதத்துக்குப் பொருந்தும். திரைப்பக்கத்தில் ஐந்து வரிகளும் ஒரே கணத்தில் தோன்றும். கையெழுத்தில் ஒவ்வொரு வரியும் எழுதப்படும் நேரத்தில் மாணவரின் மனம் அடுத்த வரியை ஊகிக்க இடம் கிடைக்கும். பெரிய வெள்ளைத்தாளைக் கிடைமட்டமாக வைத்து, தடித்த முனையுள்ள பேனாவால் எழுதுங்கள். பக்கம் நிரம்பியதும் அதை உருவிவிடாமல் சற்று மேலே நகர்த்தி வையுங்கள். கரும்பலகையில் பழைய வரிகள் கண்ணில் படுவதுபோல இங்கேயும் அவை பட வேண்டும்.

ஜூமா, மைக்ரோசாஃப்ட் டீம்ஸா என்ற கேள்விக்குப் பள்ளி எதைத் தந்திருக்கிறதோ அதுவே போதும் என்பதே என் பதில்.

நேரலை வகுப்பு

நேரலையை இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இணைப்பை வைத்தபடியே பதினைந்து நிமிடம் எல்லோரும் அமைதியாகக் கணக்குப் போடட்டும். விரும்புபவர் தம் கைபேசியை முகத்துக்குப் பதிலாக நோட்டின் பக்கம் திருப்பி வைக்கலாம். முகம் காட்டக் கூச்சப்பட்டு ஒளிப்படக்கருவியை அணைத்து வைக்கும் பதின்ம வயதினர்கூட நோட்டைக் காட்டத் தயங்குவதில்லை.

கேள்வி கேட்டால் வழக்கமான இரண்டு மூன்று பேரே பதில் சொல்வார்கள் என்பது வகுப்பறையிலும் உள்ள சிக்கல். திரையில் அது பெரிதாகிறது. இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. எல்லோரும் விடையை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் சொன்னதும் எல்லோரும் ஒன்றாக அனுப்ப வேண்டும். மற்றவர் விடையைப் பார்த்து எழுத முடியாது; மெதுவாக யோசிப்பவருக்கும் நேரம் கிடைக்கும்; வகுப்பு முழுவதும் எங்கே நிற்கிறது என்பது ஆசிரியருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். கை உயர்த்தச் சொல்லும் வகுப்பறையில் இது ஒருபோதும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

நம் தீவுக்கே உரிய ஓர் எச்சரிக்கையை இங்கே சேர்க்க வேண்டும். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கம் கிரியோலிலோ பிரெஞ்சிலோ நடக்கிறது. அந்த மொழிகளில் 73 என்பது அறுபதும் பதின்மூன்றும். 93 என்பது நான்கு இருபதுகளும் பதின்மூன்றும். ஒலி ஒரு கணம் அறுந்தால் மாணவரின் தாளில் 60 மட்டுமோ 13 மட்டுமோ விழும். எனவே குரலால் மட்டும் எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லும்போதே எழுதிக் காட்டுங்கள், குரல்பதிவு அனுப்பினால் எண்களைக் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரெஞ்சுக் காணொளிகளில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி இருக்கும். 3,125 என்று அங்கே எழுதப்படுவது மூன்றும் எட்டில் ஒன்றும் ஆகும், நம் பாடநூலிலோ மூவாயிரத்து நூற்று இருபத்தைந்து ஆகும். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்க்கும் குடும்பங்களில் இலட்சக் கணக்குப்படி 1,25,000 என்று காற்புள்ளி இடம் மாறி வரும். எந்தக் காணொளியைப் பரிந்துரைத்தாலும் இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

தவறைக் காட்டிக்கொடுக்கும் கேள்விகள்

தொலைவிலிருந்து கற்பிப்பவருக்கு மிகப் பெரிய துணை நன்றாக அமைக்கப்பட்ட கேள்வியே. எந்தத் தவறு செய்தால் எந்த விடை வரும் என்பது கேள்வியை அமைக்கும்போதே ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாறியை அ என்று வைத்து, 5 − 2(அ − 3) = 7 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். அடைப்பைச் சரியாக விரித்தால் 5 − 2அ + 6 = 7 என்றாகி, அ = 2 என்று கிடைக்கும். கழித்தல் குறி இரண்டாம் உறுப்பையும் பெருக்க வேண்டும் என்பதை மறந்தவர் 5 − 2அ − 6 = 7 என்று எழுதி, அ = −4 என்று முடிப்பார். ஐந்திலிருந்து இரண்டை முதலிலேயே கழித்துவிட்டவர் 3(அ − 3) = 7 என்று எழுதி 16/3இல் போய் நிற்பார். அரட்டைப் பெட்டியில் மூன்று வகை விடைகள் வந்து விழும்போது, யாருக்குக் குறியில் சிக்கல், யாருக்குச் செயல்களின் வரிசையில் சிக்கல் என்பது படம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

பின்னங்களில் 2/3 + 1/4 என்ற சிறிய கணக்கே போதும். சரியான விடை 11/12. மேலும் கீழும் தனித்தனியே கூட்டியவர் 3/7 என்பார். பகுதியை 12 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்தவர் 3/12 என்பார். இந்த இருவருக்கும் ஒரே விளக்கத்தைச் சொல்வது வீண். முதலாமவருக்கு 3/7 என்பது 2/3ஐவிடச் சிறியது, கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று கேட்க வேண்டும். அவர் தம் விதியையே சந்தேகிக்கத் தொடங்குவார். இரண்டாமவருக்குப் பாதி வழி தெரியும். 2/3ஐப் பன்னிரண்டு கட்டங்களில் நிழலிட்டுக் காட்டச் சொன்னால் மீதி வழியை அவரே கண்டுகொள்வார்.

இன்னொரு வகைக் கேள்வியும் நல்ல பயன் தருகிறது: செய்து முடிக்கப்பட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, எந்த வரியில் தவறு தொடங்குகிறது, அதை எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்பது. கைபேசியால் படமெடுத்தால் படிப்படியாக விடை தரும் ஃபோட்டோமேத் போன்ற செயலிகள் 2014 முதல் இருக்கின்றன. 2022 இறுதியிலிருந்து உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. தடை விதித்து இவற்றைத் தடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. செயலி தந்த தீர்வையே நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணத்தை மாணவர் தம் சொற்களில் எழுதச் சொல்லலாம். ஐயம் இருந்தால் மூன்று நிமிடம் குரல் அழைப்பில் பேசிப் பாருங்கள். எண்களை மாற்றிக் கொடுத்து, இரண்டாம் வரி எப்படி வந்தது என்று கேட்டாலே போதும்.

முப்பது படங்களைப் படிப்பது

படங்கள் வரத் தொடங்கியதும் ஆசிரியரின் மாலைப் பொழுது முழுவதும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஒவ்வொரு வரியையும் திருத்தாதீர்கள். ஒவ்வொரு படத்திலும் முதல் தவறான வரியை மட்டும் தேடி, அதன் அருகே ஒரு புள்ளி வையுங்கள். அதற்குக் கீழே உள்ளவை அந்தத் தவறின் விளைவுகளே. பிறகு படங்களைத் தவறின் வகைப்படி பிரியுங்கள். முப்பது பேர் அனுப்பினாலும் வகைகள் பெரும்பாலும் நான்கைந்துக்கு மேல் போவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரல்பதிவு ஒன்றைத் தயாரித்து, அந்தந்த மாணவர்களுக்கு அனுப்பினால் முப்பது திருத்தங்கள் நான்கைந்தாகச் சுருங்கும். குரல்பதிவில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். புள்ளி வைத்த வரியை மீண்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒற்றை வரி திரும்பி வருவதே திருத்தம் மனத்தில் ஏறியதற்குச் சான்று.

அடுத்த நேரலையை அந்தத் தவறுகளில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மாணவரின் படத்தை அப்படியே காட்டக்கூடாது. உங்கள் கையெழுத்தில் மாற்றி எழுதிக் காட்டுங்கள். யாருடையது என்று தெரியாதபோது வகுப்பு அதை ஒரு புதிராக எடுத்துக்கொள்கிறது. தவறு செய்தவரும் நிம்மதியாகக் கலந்துகொள்கிறார்.

தனிப்பயிற்சி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் தனிப்பயிற்சி இல்லாமல் வளரும் பிள்ளை அரிது. அது திரைக்கு மாறியபோது அறையின் சுவர்கள் போட்ட எல்லை மறைந்து, ஒரே வகுப்பில் எத்தனை பேரையும் சேர்க்க முடிந்தது. நூறு பேர் பார்க்கும் வகுப்பில் ஒருவரின் நோட்டும் பார்க்கப்படுவதில்லை. பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் அதைப் பயிற்சி என்று சொல்லிக் கட்டணம் வாங்குவது பெற்றோருக்குச் செய்யும் நியாயமாகாது.

வடிவியலும் வளைவரையும்

தொலைவழிக் கல்வி கணிதத்துக்கு எதையாவது கொடுத்தது என்றால், அது இங்கே கொடுத்தது. வட்டத்தின் ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், பரிதியின் எஞ்சிய பகுதியில் தாங்கும் கோணத்தைப் போல் இருமடங்கு என்ற தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவராயம் இல்லாத வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டு இருக்கும். தட்டைச் சுற்றிக் கோடு வரைந்து, வட்டத்தை வெட்டி, இரண்டு முறை வெவ்வேறு திசையில் பாதியாக மடித்தால் மடிப்புகள் வெட்டும் இடம் மையம். பரிதியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, மையத்திலும் பரிதியில் மூன்று வெவ்வேறு இடங்களிலும் உருவாகும் கோணங்களைப் பாகைமானியால் அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். முப்பது வீடுகளிலிருந்து முப்பது அளவு வட்டங்கள் வரும். வகுப்பறையில் எல்லோரும் பாடநூலின் ஒரே படத்தைப் பார்ப்பார்கள். இங்கே வட்டங்கள் வேறாக இருந்தும் உறவு மாறாமல் இருப்பதை அவர்கள் தம் கையாலேயே காண்கிறார்கள். ஓரிரு பாகை பிசகு வரும், அதையும் பேசுங்கள். யாரேனும் மூன்றாம் புள்ளியைச் சிறிய வில்லின் மேல் குறித்திருப்பார், அவருக்கு இருமடங்கு வராது. மையத்தின் மறுபக்கத்தில் உள்ள பின்வளைகோணத்தை அவரை அளக்கச் சொன்னால் தேற்றம் அங்கேயும் நிற்பது தெரியும். அந்தப் படம் வந்தால் அதைப் பெரும்பேறாகக் கருதுங்கள்.

இதற்குப் பிறகே ஜியோஜீப்ராவைத் திறக்க வேண்டும். மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, கைபேசியிலும் ஓடும். புள்ளியைப் பரிதியின்மேல் இழுக்க இழுக்கக் கோணம் மாறாமல் இருப்பதைக் காண்பது மனத்தை ஈர்க்கும் அனுபவம். ஆனால் ஆயிரம் முறை இழுத்துப் பார்ப்பதும் நிறுவலாகாது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். பரிதியிலுள்ள புள்ளியை மையத்தோடு இணைத்தால், ஆரங்கள் சமம் என்பதால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். அங்கிருந்து நிறுவலை மாணவரே எழுதிப் படம் அனுப்பட்டும்.

இருபடிச் சார்பின் வளைவரைக்கு, வளைவரைகளை வரைந்து காட்டும் டெஸ்மாஸ் என்ற செயலி நன்றாக உதவும். நகர்த்தும் குமிழைத் தொடுவதற்கு முன், என்ன நடக்கும் என்று தாளில் வரையச் சொல்லுங்கள். அடைப்புக்குள் மாறியிலிருந்து 3ஐக் கழித்தால் பரவளையம் எப்பக்கம் நகரும் என்று கேட்டால் பெரும்பாலோர் இடப்பக்கம் என்பார்கள். திரையில் அது வலப்பக்கம் போகும்போது எழும் வியப்பே அன்றைய பாடம். முன்கூட்டி ஊகிக்காமல் குமிழை நகர்த்தினால் அது வெறும் வேடிக்கையாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

பெற்றோரும் தாத்தா பாட்டியும் கணக்கைப் போட்டுக் கொடுக்க வேண்டாம். அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் குறையில்லை. பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் போதும். தமிழிலோ கிரியோலிலோ பிள்ளை சொல்லத் தொடங்கும்போதே தன் தவறைத் தானே பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்க்கலாம். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரை நேரத்தைக் குறைத்துக் கைக்கு வேலை கொடுங்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 42இலிருந்து 17ஐக் கழிக்க ஒரு கட்டை அவிழ்க்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுங்கள். அவிழ்த்த கட்டைப் படமெடுத்து அனுப்பினால் ஆசிரியருக்கு அதுவே செய்முறை.

விகிதத்துக்குக் காவடித் திருநாளின் ஏழு கறிச் சமையல் நல்ல களம். இருபத்தைந்து பேருக்கு நான்கு கிலோ பூசணி வேண்டுமானால் 180 பேருக்கு எவ்வளவு என்று கேட்டால் 28.8 கிலோ என்ற விடையைச் செயலியும் தரும். இருபத்தைந்து பேருக்கான கறி 40 நிமிடத்தில் வெந்தால், 180 பேருக்கு 288 நிமிடம் ஆகுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கே விகிதம் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதற்குப் பாட்டியிடம் கேட்டு ஒரு நிமிடக் குரல்பதிவில் காரணத்துடன் சொல்ல வேண்டும் என்பதே வீட்டுப்பாடம்.

மழை நாளுக்கும் புயல் நாளுக்கும்

புயல் நெருங்கும்போது மின்சாரமும் இணையமும் போகக்கூடும். அந்நாளின் பாடம் தாளில் இருக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பக்கத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, நெகிழியுறையில் போட்டுப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். முன்பு செய்த பாடங்களிலிருந்து ஐந்தாறு கணக்குகள், தவறு கண்டுபிடிக்க வேண்டிய ஒரு கணக்கு, வீட்டில் அளந்து செய்யும் ஒரு வேலை ஆகியவை போதும். எச்சரிக்கை வந்த நேரத்தில் குழுவில் எந்தத் தொகுப்பு என்று ஒரு செய்தி அனுப்பினால், தொடர்பு அறுந்த பிறகும் வேலை நடக்கும். படங்களை இரண்டு நாள் கழித்தும் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் தண்ணீர் புகுந்த பிள்ளைக்குக் காலக்கெடு வேண்டாம்.

பள்ளி திறந்த பின்னும் விடக்கூடாதவை சில உண்டு. நோய் காரணமாக வராத மாணவருக்குத் தாளில் எழுதிக் காட்டும் பதிவு அனுப்பலாம். வாரம் ஒரு முறை ஒரே ஒரு கணக்கின் படத்தை எல்லோரிடமும் கேட்டு வாங்கலாம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையின் எண்ணம் அதில்தான் தெரியவரும். ரொட்ரிக்ஸ் தீவு நம்மிடமிருந்து ஏறக்குறைய 560 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கூடுதல் கணிதமோ ஏ லெவல் விசையியலோ எடுக்கும் சிறு குழுக்களை இரு தீவுகளுக்கிடையே இணைத்துக் கற்பிக்க இந்த முறையே போதுமானது.

படங்களைப் பற்றி இறுதியாக ஒன்று. பிள்ளைகளின் முகமோ வீட்டின் உட்புறமோ படத்தில் வரக்கூடாது என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் நோட்டை மற்றப் பெற்றோர் இருக்கும் குழுவில் போடாமல் தனிச் செய்தியாக வாங்குங்கள். பருவம் முடிந்ததும் உங்கள் கைபேசியிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள். தவறுகளின் வகைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டின் கேள்விகளை அமைக்க அது போதும்.